மேடைக் கதவின் சுவிட்ச்

கரிசல் மண்ணில் கனமான எதையும் நேராக நிறுத்தி வைப்பது சிரமம், மேடம். மழை பெய்தால் மண் உப்பும். சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால் சிமெண்ட் பூசிக்கொள்ளலாம். எங்கள் ஆன்டெனாவின் அடித்தளம் ஒரு நூல் சாய்ந்தால்கூட, அது வானத்தில் பார்க்க வேண்டிய இடத்தை விட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை சாய்வை அளந்து கணினியில் திருத்துவோம். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆன்டெனாவின் மேல், ஒருவர் கீழே அறையில்.

நான் சொல்ல வந்தது அந்த வேலையைப் பற்றித்தான். கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் எஸ்தர்ராணி. வயது நாற்பத்தாறு. ஓட்டப்பிடாரம் போகிற வழியில் பருத்திக் காட்டுக்கு நடுவே பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்று நிற்கிறதே, அந்த நிலையத்தில் பதினோரு வருஷமாகப் பொறியாளர். அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு தொலைநோக்கி பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது எங்கள் தலைக்கு மேல் கடந்துபோக ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். அதை பாஸ் என்போம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் அது எடுத்த படங்களை வாங்கிக்கொண்டு, அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

படங்களை ஆராய்கிறவள் யோகலட்சுமி. கோவில்பட்டிப் பக்கத்துக் கடம்பூர்க்காரி, என்னைவிட எட்டு வயது சின்னவள். ஒன்பது வருஷம் மதியச் சாப்பாட்டைச் சேர்ந்துதான் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் தவறியபோது பத்து நாள் என் கூடவே தங்கி எனக்குச் சோறு ஊட்டியவள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளைப் பற்றி ஒருபக்கமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொலைநோக்கி சாகக் கிடந்தது. அதைத் திருப்பி நிறுத்துவதற்கு உள்ளே நான்கு சக்கரங்கள் உண்டு. ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்றும் இறுகிக்கொண்டது. மீதி இரண்டை வைத்து அதை ஒரு திசையில் நிலையாக நிறுத்த முடியாது. பெங்களூரு மையத்தில், போதும், மூடிவிடலாம் என்றார்கள். நான் கொஞ்ச நாள் அவகாசம் கேட்டேன். ஒவ்வொரு பாஸிலும் அந்தச் சக்கரத்துக்கு முன்னும் பின்னுமாகச் சிறிது மின்சாரம் கொடுத்தேன். துருப்பிடித்த போல்ட்டை ஆட்டி ஆட்டிக் கழற்றுவோமே, அந்த மாதிரி. பத்தொன்பதாம் நாள் சக்கரம் சுழன்றது.

அதைச் சரிபார்க்க எடுத்த படங்களில், தொலைநோக்கி குறியை விட்டுச் சற்று விலகியிருந்தது. அதனால் யாரும் பார்க்க நினைக்காத ஒரு மூலை படத்துக்குள் வந்துவிட்டது. அங்கே ஒரு புள்ளி. சில படங்களில் பளிச்சென்று இருந்தது, சிலவற்றில் மங்கியிருந்தது. நேரங்களை நோட்டில் குறித்துப் பார்த்தேன். நாற்பத்தொரு நிமிடத்துக்கு ஒருமுறை மங்கியது. நோட்டை யோகாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

நான்கு நாள் கணக்குப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, இது ஒரு நட்சத்திரம் இல்ல. ரெண்டு. செத்துப்போன நட்சத்திரம் ரெண்டு ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டு கெடக்கு."

"ஏட்டி, நெசமாவா?"

"நெசமாத்தான் சொல்லுதேன். நம்ம ரெண்டு பேரு பேருலயும் வரப் போகுது, பாருங்க."

எட்டு மாதம் கழித்து, காவலாளி அழகிரிசாமி ஒரு செய்தித்தாளை மடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். 'கோவில்பட்டிப் பெண் கண்டுபிடித்த இரட்டை நட்சத்திரம்' என்று போட்டு யோகாவின் படம். நான் உள்ளே போய் ஆய்வுக் கட்டுரையைத் திறந்து பார்த்தேன். முதலில் அவள் பெயர். அப்புறம் பெங்களூருக்காரர்கள் நான்கு பேர். கடைசிப் பக்கத்தில், 'நிலையப் பராமரிப்புப் பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி.

மதியம் சாப்பிடும்போது கேட்டேன்.

"என் பேரு எங்கட்டி?"

"நான் எழுதித்தான்க்கா அனுப்புனேன். பெங்களூருல இருக்கவிய எடுத்துட்டாவ. பராமரிப்பு ஆளுவ பேரப் போடுத வழக்கம் இல்லையாம். நான் என்னத்தச் செய்ய?"

"மொதல்ல பாத்தது யாரு?"

"நீங்கதான். ஆனா பாக்குறது வேற, கண்டுபிடிக்கிறது வேற இல்லையாக்கா?"

குரலில் அகந்தை கிடையாது. சின்னப் பிள்ளைக்குப் புரியவைப்பதுபோல மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு கடம்பூர் போளி டப்பாவைத் திறந்து நீட்டினாள். தேங்காய்ப் போளி. இரண்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

பெயர் விட்டுப்போனதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பெங்களூருக்காரர்கள் எடுத்துவிட்டார்கள் என்றால் கோபம் அவர்கள் மேல்தானே போகும். ஆனால் எதையும் ஒரு தடவை சரிபார்ப்பது என் பழக்கம். நிலையத்துக் கணினியில் அவள் எழுதிய பிரதிகள் எல்லாம் தேதி வாரியாக இருந்தன. முதல் பிரதியைத் திறந்தேன். நான் நோட்டைக் காட்டி ஆறாவது நாள் எழுதியது. அதிலும் என் பெயர் இல்லை. 'பழைய படங்களை மறுபடி ஆராய்ந்தபோது நான் கவனித்தேன்' என்று எழுதியிருந்தாள். யாரும் எதையும் எடுக்கவில்லை. அவள் எழுதவே இல்லை. ரெண்டு பேர் பேரிலும் வரும் என்று என்னிடம் சொன்ன இரண்டாம் நாள் அது.

அதற்குப் பிறகும் ஏழு மாதம் அவளோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். அவளாக ஒரு நாள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். ஊறுகாய் பற்றிப் பேசினாள். தம்பி கல்யாணம் பற்றிப் பேசினாள். பெங்களூரு மையத்தில் தனக்கு வேலை கிடைத்துவிட்டது, ஜூலையில் போகிறேன் என்றாள். "ஒங்கள விட்டுட்டுப் போறதுதான்க்கா கஷ்டமா இருக்கு" என்று கண் கலங்கினாள். அது பொய்யில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

எனக்கு அவள் மேல் ஆத்திரம் இல்லை, மேடம். ஒரு பாகம் பழுதாகிவிட்டால் அதைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டேன். கழற்றி எடுத்துவிட்டு மற்றது ஓடட்டும் என்று பார்ப்பேன்.

ஜூன் பதினெட்டாம் தேதி சாய்வு அளக்கும் நாள். வழக்கம்போல யோகா மேலே, நான் கீழே. அளவுக் கருவியை ஆன்டெனாவின் பின்பக்க மேடையில் வைக்க வேண்டும். கிண்ணம் தாழும்போது அதன் பின்னாலுள்ள எதிர் எடை சுழன்று வருகிற இடமும் அதுதான். நான்கு டன். ஆள் அடிபடக் கூடாது என்பதற்காக மேடைக் கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. கதவு திறந்திருக்கும்வரை ஆன்டெனா கிடைவாட்டில் மெதுவாகத் திரும்பும், தாழாது. முந்தின நாள் மத்தியானம் அந்த நல்ல சுவிட்சைக் கழற்றிவிட்டு, கழிவுப் பெட்டியில் கிடந்த, துருவேறி இறுகிப்போன பழையது ஒன்றை மாட்டினேன். கதவு திறந்தாலும் மூடியே இருப்பதாகச் சொல்லும் சுவிட்ச்.

அளக்கிற நாளில் பதினொன்று நாற்பத்திரண்டு பாஸை எப்போதும் ரத்து செய்வோம். அறையிலிருந்த பலகையில் 'ரத்து' என்று எழுதினேன். யோகா அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். கணினியில் நான் ரத்து செய்யவில்லை. நேரம் வந்தால் ஆன்டெனா தானாகவே தொலைநோக்கியைப் பிடிக்கக் கிழக்கே தாழ்ந்து திரும்பும்.

ஆனிக் காற்று பலமாக இருந்தது. வாக்கிடாக்கியில் அவள் அளவுகளைச் சொன்னாள், நான் குறித்துக்கொண்டேன். பதினொன்று முப்பத்தெட்டுக்கு நான் கேட்டேன்.

"ஏட்டி, காத்து அடிக்கி. பெல்ட்ட மாட்டியிருக்கியா?"

"இல்லக்கா, கழட்டிப் போட்டுட்டேன். எடஞ்சலா இருக்கு."

"கம்பியில மாட்டிக்கோ. ரெண்டு கொக்கியையும் மாட்டு."

"மாட்டிட்டேன்க்கா. ஒங்களுக்குப் பயம் ஜாஸ்தி" என்று சிரித்தாள்.

அழகிரிசாமி அப்போது அறை வாசலில் நின்றிருந்தார். அவ்வளவு அக்கறையாக விசாரித்தேன் என்று விசாரணையில் சாட்சி சொன்னார். பெல்ட்டின் கொக்கியைக் கழற்ற இரண்டு கையும் வேண்டும். பதற்றமில்லாத ஆளுக்கே பத்து நொடி ஆகும். ஆன்டெனா தாழ்வதற்கு ஏழு நொடி போதும்.

"அக்கா, இது ஏன் அசையுது?" என்று கேட்டாள். பதில் சொல்லிப் பயனில்லை.

அழகிரிசாமி ஓடினார். நான் திரையைப் பார்த்தேன். அந்த பாஸில் நான்கு நொடிப் படங்கள் மட்டும் விட்டுப்போயிருந்தன. மற்றதெல்லாம் முழுசாக வந்துவிட்டது. பிறகுதான் நானும் மேலே போனேன்.

அவள் அம்மா கடம்பூரிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "நீ என்னம்மா செய்வே, பாழாப்போன மிஷினு எம்புள்ளயக் கொன்னுட்டுதே" என்றார்கள். மெஷினைத் திட்டியது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

விசாரணைக் குழு மூன்று மாதம் கூடியது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். விபத்து என்று முடித்துவிடுவார்கள் என்று தெரியும். அப்படித்தான் முடித்தார்கள். போன வெள்ளிக்கிழமை அறிக்கையை அச்சடித்துக் கொடுத்தார்கள். நாற்பது பக்கம். சக்கரத்தை மீட்டது யார், அந்தத் தொலைநோக்கியை இத்தனை வருஷம் யார் உயிரோடு வைத்திருந்தது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. இருபத்தாறாம் பக்கத்தில் மட்டும் என் பெயர் இருக்கிறது. என் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. 'பொறியாளர் எஸ்தர்ராணியின் அலட்சியமான பராமரிப்பே இறப்புக்குக் காரணம்' என்று எழுதியிருக்கிறார்கள். நான் உழைத்த இடம் எனக்குக் கொடுத்தது இதுதான். யோகா செய்ததைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டேன், மேடம். இதைத் தாங்க முடியவில்லை.

இந்தக் கைக்குட்டையில் இருப்பதுதான் கழற்றிய நல்ல சுவிட்ச். நீங்களே சோதித்துப் பாருங்கள், இன்றைக்கும் சரியாக வேலை செய்யும். மாதா மாதம் துடைத்து, எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். துருவேறியதை மாட்டியது நான். பலகையில் பொய்யாக எழுதியது நான். பெல்ட்டை மாட்டச் சொன்னது நான். யோகலட்சுமியை நான்தான் கொன்றேன். இதை என் வாக்குமூலமாகப் பதிவு செய்துகொண்டு, அந்த இருபத்தாறாம் பக்கத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.

என் வேலையில் நான் ஒரு நாளும் அலட்சியமாக இருந்ததில்லை.