வீடு சேர்ந்தாச்சு

விளக்கைக் கொஞ்சம் தணித்து வையுங்கள். பயப்படுகிறவர்கள் நடுவில் வந்துவிடுங்கள். இது நம் பிரபினின் அத்தை மகள் லிபிக்கு நேர்ந்தது. பிரபின் இதோ இருக்கிறான். ஒரு சொல் கூடிப்போனால் அவனே தடுக்கட்டும்.

கர்க்கடக மாதம், அதாவது ஆடி. அந்தி மயங்கி ஏழு மணி. விழிஞ்ஞத்திலிருந்து மேலேறி வருகிற சாலை... ஒரு பக்கம் கன்டெய்னர் துறைமுகத்தின் நீளச் சுவர், மறுபக்கம் தென்னந்தோப்பு. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கரண்ட் இல்லை. ஸ்கூட்டரில் லிபி மட்டும்.

அவள் வேலை செய்கிற சின்னக் கம்பெனி மீனவர்களுக்காக ஒரு ஆப் செய்திருந்தது. படகு ஏறும்போது 'கடலுக்குப் போறேன்' என்ற பட்டனைத் தொட வேண்டும். திரும்பி வந்தால் 'கரை ஏறியாச்சு'. தொட்டது போனோடு நிற்காது. எங்கோ தொலைவில் வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரில் போய்ப் பதிவாகும். திரும்பாதவரின் பெயர் அங்கே சிவப்பாக நிற்கும். வெகுநேரம் நின்றால் மீனவர் சங்கத்தில் சைரன் அலறும். போனையும் சர்வரையும் இணைப்பது லிபியின் பொறுப்பு. அன்று துறைமுகத்தில் நின்று இணைத்து, சோதித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதாக ஒரு பட்டன் உண்டு. 'வீடு சேர்ந்தாச்சு'. அது லிபியின் அம்மா சுசீலாபாய் சொல்லிச் சேர்த்தது. "கரை ஏறினவன் எல்லாம் வீடு சேருகானா மக்களே? அலுத்துப்போய் வழியில விழுந்து கெடந்தா யாரு பாப்பா?" என்று ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள். அதனால் கரை ஏறியவர் வீடு போய்ச் சேரும்வரை ஒரு பச்சைப் புள்ளி வரைபடத்தில் நகர்ந்துகொண்டிருக்கும்.

சாலையோரம் ஒரு பஸ் நிறுத்தத்தில் ஸ்கூட்டரை நிறுத்திப் போனைப் பார்த்தாள். ஆப் இருந்ததே இரண்டு போனில்தான். அவளுடையது ஒன்று, கூட வேலை செய்யும் ஷிபினுடையது ஒன்று. சர்வரில் மூன்று பெயர் இருந்தது. மூன்றாவது சிவப்பு.

சஜி. கடலில்.

அழித்தாள். போனது. மறுபடி வந்தது. ஷிபினைக் கூப்பிட்டாள்.

"நீயே டெஸ்டுக்குப் போட்டு மறந்திருப்பே."

"நான் போடல. அழிச்சா திரும்பத் திரும்ப வருது, ஷிபின். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"பேய்க்குப் பாஸ்வேர்டு யாரு குடுத்தா, எடி? நாளைக்குச் சங்கத்துக்காரங்க முன்னால சைரன் அலறிச்சுன்னா நம்ம மானம் போகும், கேட்டியா. அவனைக் கரையில ஏத்தி விட்டுட்டு வீட்டுக்குப் போ."

அவள் தொட்டாள். 'கரை ஏறியாச்சு'.

சிவப்பு பச்சையானது. வரைபடத்தில், துறைமுகத்துக்கு வெகுதூரம் வெளியே, தண்ணீருக்கு நடுவில் ஒரு புள்ளி தெரிந்தது. சற்று நேரம் அசையாமல் நின்றது. பிறகு... நகர்ந்தது. கரையை நோக்கி. படகுத்துறை தாண்டி. இதோ, இந்தச் சாலையில்.

ஸ்கூட்டரை முடுக்கினாள். போன் முன்னால் தாங்கியில் ஒளிர்ந்தது. அவள் வேகம் கூட்டினால் புள்ளியும் கூட்டியது. தணித்தால் தணித்தது. எங்கே போகிறான் இவன்? அப்போதுதான் நினைவு வந்தது. நாளை மாற்றிக்கொள்ளலாம் என்று, 'வீடு' என்கிற இடத்தில் எல்லாப் பெயருக்கும் தன் விலாசத்தையே போட்டு வைத்திருந்தாள். கரமனை ஆற்றோரத்து வாடகை வீடு. அங்கே அம்மா மட்டும். இதயத்துக்கு மாத்திரை போடுகிற அம்மா.

திருவல்லம் பாலத்தில் வண்டி நின்றது. பெட்ரோல் இருந்தது. ஆனாலும் நின்றது. கீழே, செத்தவர்களுக்குப் பிண்டம் வைத்துப் பலி போடுகிற படித்துறை இருட்டாகக் கிடந்தது. ஆற்றுத் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். பிறகு அதுவும் கேட்கவில்லை.

சப்... சப்... சப்...

நனைந்த வெறுங்கால் தாரில் ஒட்டிப் பிரிகிற சத்தம். அழுகின வலையின் வாடை. டீசல். அதற்கும் அடியில் வேறொன்று... பாசி மாதிரி. லிபி திரும்பிப் பார்க்கவில்லை.  குளிர் அவள் இடது தோளை உரசிக்கொண்டு போனது. முன்னால் பாலம் வெறுமையாக இருந்தது. போனில் புள்ளி அவளைத் தாண்டியிருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்தது... எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. புள்ளி கரமனையில் போய் நின்றது. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அம்மா எடுத்தாள்.

"அம்மா, கதவத் திறக்காதீங்க. யாரு வந்தாலும்."

"நீ இதச் சொல்ல இப்பதான் கூப்பிடுகியா? ஒரு பயல் நனைஞ்சு வெறைச்சுப் போய் வந்து நிக்கான். இருட்டுல மொகம் தெரியல. துவர்த்து குடுத்துத் தலையத் தொடச்சிக்கோன்னேன். கஞ்சி குடிக்கான்."

போனுக்குள் கேட்டது. கஞ்சியை உறிஞ்சும் சத்தம். நிதானமாக. பசித்தவன் குடிக்கிற மாதிரி.

சுசீலாபாய் அப்படித்தான். ஒருவருக்குத் துண்டு கொடுக்க அவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது அவள் எண்ணம். தினமும் ஒரு கரண்டி அரிசி கூடப் போட்டுத்தான் உலை வைப்பாள். கர்த்தர் யாரை அனுப்புவாரோ என்பாள்.

 அம்மாவை எழுந்து ஓடச் சொன்னால் அந்த இதயம் தாங்காது. உள்ளே இருப்பவனுக்கும் கேட்டுவிடும். குரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா... அவன்கிட்ட வீடு எங்கேன்னு கேளுங்க."

உறிஞ்சும் சத்தம் நின்றது.

"விழிஞ்ஞம் பள்ளிக்குப் பின்னாலயாம். அம்மா பேரு எலிசாள்னு சொல்லுகான். வழி தெரியல, இங்கதான் போகச் சொன்னாங்கன்னு சொல்லுகான். யாரு மக்களே இந்தப் பாவத்தைப் பண்ணினது?"

 லிபி சஜியின் பெயருக்கு நேரே இருந்த தன் விலாசத்தை அழித்தாள். விழிஞ்ஞம், பள்ளிக்குப் பின்புறம், எலிசாள் வீடு. விரல் ஈரத்தில் எழுத்து தப்பித் தப்பி விழுந்தது. சேமித்தாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சேர்ந்தது.

"எழும்பிட்டான்," என்றாள் அம்மா. "போயிட்டு வாறேன்னு சொல்லுகான். துவர்த்தையும் கொண்டு போறான், போட்டும்."

பாலத்தில் லிபி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சப்... சப்... இந்தமுறை வலது பக்கம். கடந்து போனது. வண்டி தானாகவே உறுமியது.

வீட்டில் நாற்காலி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அம்மாவுக்கு ஒன்றுமில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

மறுநாள் காலை விழிஞ்ஞத்தில் எலிசாள் வீட்டைத் தேடிப் போனாள் லிபி. மாதா கோயிலைத்தான் அங்கே பள்ளி என்பார்கள். அதற்குப் பின்னால் ஓட்டு வீடு. எலிசாள் வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மகன் சஜி புயலில் போய் வருஷங்கள் ஆகிவிட்டனவாம். உடல் கிடைக்கவில்லை. கதவைத் தாழ் போடாமல்தான் இத்தனை வருஷமும் படுத்திருக்கிறாள்.

"நேத்து ராத்திரி கதவு திறந்த சத்தம் கேட்டுது," என்றாள் எலிசாள், கூடையைப் பார்த்தபடியே. "நான் எழும்பல. எழும்பினா போயிருவானோன்னு... அப்பிடியே கெடந்தேன். நல்லா உறங்கினேன் மோளே."

கொடியில் நீலக்கரைத் துவர்த்து காய்ந்துகொண்டிருந்தது. லிபியின் அம்மாவுடையது. உப்புப் பூத்திருந்தது.

சங்கத்துக்காரர்கள் அன்று ஆப்பை ஏற்றுக்கொண்டார்கள். சைரன் அலறவில்லை. சஜியின் பெயருக்கு நேரே 'வீடு சேர்ந்தாச்சு' என்றிருந்தது. அதை லிபி தொடவில்லை.

அந்தியில் திரும்பினாள். அன்று மழையே இல்லை. திருவல்லம் பாலம் தாண்டியதும் வண்டியை நிறுத்தி ஒருமுறை போனைப் பார்த்தாள். சஜிக்குக் கீழே பெயர்கள் இருந்தன. அவள் பதியாத பெயர்கள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. எல்லாம் பச்சை. எல்லாவற்றுக்கும் ஒரே விலாசம். அவள் வீடு.

வீட்டு வாசலில் யாரும் இல்லை. கேட்டிலிருந்து படிவரை முற்றம் முழுக்க நனைந்திருந்தது. ஜன்னல் வழியே, அடுப்பில் கல்யாணத்துக்கு வைக்கிற பெரிய கலம். அங்கேயே அம்மாவின் முகமும் தெரிந்தது. கையில் வீட்டிலிருந்த துவர்த்து அத்தனையும்.

"பின்வாசல் வழியா வா மக்களே," என்றாள் மெதுவாக. "முன்னால நிக்கவங்கள இடிச்சிட்டு வராதே. பாவம்... ரொம்பத் தூரத்திலேந்து வந்திருக்காங்க."