நாப்பதுல போற வண்டிக்கு நாலு டயர்

அப்போ டயர மாட்டி ஓட்டிப் பாத்துட்டு, பிடிக்கலைன்னா திருப்பித் தரக்கூடாதுங்கறீங்க. நியாயந்தான் தம்பி, ஒரு தடவை ரோட்ல இறங்கிட்டா அது பழசுதானே. இருந்தாலும் பாருங்க, செருப்புக் கடையில கூட காலுல போட்டு நாலடி நடந்து பாக்கச் சொல்றாங்க. இத மட்டும் குருட்டாம்போக்குல வாங்க வேண்டியிருக்கு.

இல்லல்ல, வேற கடைக்கெல்லாம் போகப் போறதில்ல. நீங்க வேலையப் பாருங்க, நான் இப்படி ஸ்டூல்ல உக்காந்துக்கறேன். அஞ்சு மணி வரைக்கும் எனக்கு நேரமிருக்கு.

நீங்க சொன்னதெல்லாம் புரிஞ்சுது. இந்த மொதல் டயர் மழையில நல்லா பிடிக்கும், வளைவுல வண்டி அசையாது. அடுத்தது அதைவிடப் பிடிக்கும், ஆனா சீக்கிரம் தேஞ்சுரும். சரி. நான் கேட்டதுக்குத்தான் இன்னும் பதில் வரல. இரைச்சல் எப்படி? ஜன்னல ஏத்தி விட்டுட்டுப் போறப்போ, பக்கத்துல ஒருத்தர் மெதுவாப் பேசினா கேக்குமா?

சிரிக்காதீங்க, நிஜமாத்தான் கேக்கறேன்.

மகனோட வண்டி இல்ல தம்பி, எங்களுக்குப் பிள்ளைங்க கிடையாது. ரெண்டே கதவு வச்ச சிவப்பு வண்டியிலேர்ந்து ஒரு வழுக்கைத் தலை இறங்கினா எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. இது என் சம்சாரத்தோட வண்டி.

அவ டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தவ. இருபத்தாறு வருஷம். பக்கத்து சீட்ல உக்காந்து, காலுக்கடியில தனியா ஒரு பிரேக்க வச்சுக்கிட்டு, கை நடுங்கறவங்க, லாரியப் பாத்ததும் கண்ண மூடிக்கறவங்க, எல்லாரையும் இருபதுலயும் முப்பதுலயும் உருட்டிக்கிட்டே போனவ. வேலைய விட்டு வந்த மறு மாசம் இந்த வண்டிய கொண்டாந்து வாசல்ல நிறுத்தினா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இத்தனை வருஷம் அடுத்தவங்க வேகத்துல போயாச்சு, இனிமே என் வேகத்துல போறேன்னா. போகவும் செஞ்சா. விடியக்காலையில மலைப் பாதைக்குப் போயிட்டு, நான் பேப்பர் படிச்சு முடிக்கறதுக்குள்ள வந்து நிப்பா, முகமெல்லாம் பளபளன்னு. டயர் மட்டும் அவளேதான் பாத்து வாங்குவா. காத்து கூட அவளே அடிச்சுக்குவா.

நான் கூடப் போக மாட்டேன். பயம். ஒரே ஒரு தடவ கடைத்தெரு வரைக்கும் போனேன், கைப்பிடிய விடவே இல்ல. அப்புறம் அவ கூப்பிடுறப்பல்லாம் ஏதாவது ஒரு சாக்கு. ஊருக்கெல்லாம் கத்துக் குடுக்கறவ புருஷனுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதுன்னு அவ வேலை பாத்தப்பவே ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்களாம்.

நானா? பிரஸ்ல அச்சு மிஷின் ஓட்டினவன். முப்பது வருஷம் அதுக்குப் பக்கத்துலயே நின்னு ஒரு காது மந்தமாயிருச்சு. நீங்க பேசறது கேக்குது தம்பி, கத்த வேணாம். அவ உக்கார்ற பக்கத்துக் காதுதான் சரியில்ல. காதுல மாட்டிக்கற மிஷினும் வாங்கிப் பாத்தேன், அது அவ பேச்சோட சேத்து டயர் சத்தத்தையும் கூட்டிக் குடுக்குது.

இப்ப நான்தான் ஓட்டறேன். அறுபத்து மூணு வயசுல கத்துக்கிட்டேன், வேற ஒரு ஸ்கூல்ல. டெஸ்ட்ல ரெண்டு தடவ பெயில். நாப்பதுக்கு மேல போறதில்ல. நாப்பதுல போறவனுக்கு இந்த மாதிரி டயர் எதுக்குன்னு உங்க முகத்துலயே எழுதியிருக்கு. ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு கடைக்காரர் அதையேதான் சொன்னாரு. மெத்துனு ஒரு டயர் இருக்கு, சத்தமே வராது, உங்க வயசுக்கு அது போதும்னாரு. போட்டேன். பஞ்சு மேல போற மாதிரி இருந்துச்சு. அவள ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். மொதல் திருப்பத்துல வண்டி லேசா சாஞ்சுது, அவ்வளவுதான், ரெண்டு கையையும் சீட்ல ஊனிக்கிட்டா. இது என் வண்டி இல்லைன்னா. பெல்ட்டக் கழட்டிட்டு, ஓடற வண்டியில கதவுல கைய வச்சுட்டா. வீடு வர்ற வரைக்கும் அப்புறம் ஒரு வார்த்தை இல்ல. நல்லவேளை பழச நான் தூக்கிப் போடல, மறுநாளே எடுத்து மாட்டிட்டேன்.

அதத்தான் நீங்க இப்பப் பாத்தீங்க. உள் ஓரம் தேஞ்சு, ஒரு பக்கமாத் தடவினா வழவழன்னும் மறுபக்கமாத் தடவினா ரம்பம் மாதிரியும் இருக்குன்னீங்களே. அதுல போனா, நான் பிரஸ்ஸுக்கே திரும்பி வேலைக்குப் போன மாதிரி இருக்கு.

அவளுக்கு ஞாபகம் போயிருச்சு தம்பி. நாலு வருஷமாச்சு. வீட்ல பேசவே மாட்டா. தட்ட வச்சா சாப்பிடுவா, குளிக்கக் கூப்பிட்டா வருவா. கோவமெல்லாம் கிடையாது. வீட்டுக்கு வந்த விருந்தாளியப் பாக்கற மாதிரி என்னைய மரியாதையாப் பாப்பா, அதுதான் தாங்க முடியல. சில நாள் விடிஞ்சதுலேர்ந்து என் குரல் மட்டும்தான் அந்த வீட்ல கேக்கும். உங்கள உக்கார வச்சு இவ்வளவு பேசறேனே, அதனாலதான்னு வச்சுக்கங்க. வாரத்துல ஒரு நாள் அவ தங்கச்சி வந்து அஞ்சு மணி வரைக்கும் பாத்துக்கறா.

ஆனா வண்டியில ஏத்தி உக்கார வச்சுட்டா வேற ஆளு. அது அவளோட சீட்டு இல்லையா, இருபத்தாறு வருஷம் உக்காந்த பக்கம். கண்ணாடியப் பாருங்கன்னு சொல்லுவா. அவசரமே வேணாம், பின்னாடி வர்றவரு காத்திருக்கட்டும்பா. இல்லாத பிரேக்க மிதிப்பா. நான் கத்துக்க வந்திருக்கற ஆளுன்னு நினைப்பு. நானும் சரிங்க மேடம், சரிங்க மேடம்னு ஓட்டுவேன். தினமும் எனக்கு மொதல் நாள் கிளாஸ்தான், முன்னேற்றமே கிடையாது. வண்டி நின்னுச்சுன்னா பேச்சும் நின்னுரும்.

என்னது, டயருக்கு உள்ள ஸ்பாஞ்சு ஒட்டியே வருதா? சத்தத்த அது குடிச்சிருமா? பிடிமானம் மொதல் டயர் மாதிரியேதான? திருப்பத்துல சாயாதே? அப்ப அதையே வரவழைங்க, நாலும். ரெண்டு நாள் ஆனாலும் பரவாயில்ல.

சத்தத்துல ஏன் இவ்வளவு குறியா இருக்கேன்னா... ரோடு நல்லா வந்துட்டா அவ சொந்தக் கதை பேசுவா. போன வாரம் வீட்டுக்காரரப் பத்திச் சொன்னா. அச்சு வேலை பாக்கறாரு, காருன்னா பயம், ஒரு நாள் கூட என்கூட மலைக்கு வந்ததில்லைன்னா. இப்ப வீட்ல தனியா உக்காந்திருப்பாருன்னா. எனக்கு எதிர்ல ரோடே மங்கிப் போச்சு. கொஞ்ச தூரம் போய், ஏன் மேடம், அவரு மேல உங்களுக்கு வருத்தமான்னு கேட்டேன். சொல்லிக் குடுக்கறவங்ககிட்ட கேக்கற கேள்வி இல்லதான். கேட்டுட்டேன்.

பதில் சொன்னா தம்பி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, ரொம்ப நேரம் சொன்னா. அந்த இரைச்சல்ல எனக்கு ஒரு வார்த்தை கூடக் காதுல விழல.