குப்பை வண்டி நிற்காத வீடு

தெருவில் குப்பை கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். குற்றாலத்துக்குக் குளிக்கப் போனால் மற்றவர்கள் அருவியைப் பார்ப்பார்கள். நான் காலடியில் மிதக்கும் ஷாம்பு உறையைப் பார்ப்பேன். பொறுக்கி வேட்டி மடியில் கட்டி எங்கள் ஊர் மேலகரத்துக்கே கொண்டுவந்துவிடுவேன். என் மனைவி உலகம்மாள் இருந்தவரை ஏசிக்கொண்டேதான் இருந்தாள்.

அவரவர் குப்பைக்கு அவரவர்தான் பொறுப்பு. காலையில் மங்களேஸ்வரி குப்பை வண்டியோடு வந்து, "அண்ணாச்சி, மக்குறதா மக்காததா, எதைத் தாரிய?" என்பாள். "ரெண்டும் இல்ல தாயி, நீ போ" என்பேன். "காத்தைக் குடிச்சா வாழுதிய?" என்று சிரித்துக்கொண்டே போவாள். போன கோடையில் குடியிருப்போர் சங்கத்தில், குப்பையில்லா வீடு என்று எனக்குச் சால்வை போட்டார்கள். சால்வை வந்த பிளாஸ்டிக் உறையையும் நானே கேட்டு வாங்கிவந்தேன்.

நேற்று நீங்கள் என் கிணற்றை மூடியிருந்த தகரத்தைத் தள்ளிப் பார்த்துவிட்டீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை இன்ஸ்பெக்டர் ஐயா. வீட்டுக்குப் பின்னால் பழைய கிணறு. குழாய்த் தண்ணீர் வந்தபிறகு இறைப்பாரில்லை. அந்தக் காலத்தில் அதில் ஒரு யானை விழுந்து, செங்கோட்டைக் குளத்தில் எழுந்து கரையேறிப் போனதாம். பார்த்தவர் யாருமில்லை, நான்தான் சொல்லிவருகிறேன். எல்லாவற்றையும் அதில்தான் போட்டேன். பழைய பேட்டரி, உடைந்த டியூப் லைட், மாத்திரை அட்டை. புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்தை விற்றபோது மீந்த பூச்சிமருந்தை ரோட்டோரம் கொட்ட மனம் வரவில்லை. கேன் கேனாக ஏற்றிவந்து அதையும் போட்டேன். மூடியோடு போட்டால் மிதக்கிறது. அதனால் திறந்து ஊற்றினேன்.

பக்கத்து வீட்டுக்கு பிரின்ஸும் கிறிஸ்டியும் குடிவந்தார்கள். கைக்குழந்தை ஜெஸ்வின். குழாயில் தண்ணீர் வரத்துக் குறைந்ததால் போர் போட நீரோட்டம் பார்ப்பவரைக் கூட்டிவந்தான் பிரின்ஸ். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தார். என் மதிலோரம் வந்ததும் தேங்காய் எழுந்து நின்றது. மதிலுக்கு இந்தப் பக்கம் என் கிணறு.

"இங்கனயே போட்டுரலாமா அண்ணாச்சி?" என்றான்.

சால்வையின் மடிப்புக்கூட அப்போது கலையவில்லை.

"தேங்காயே சொல்லிட்டு, பொறவு நான் என்னலே சொல்ல?" என்றேன்.

தண்ணீர் நன்றாக வந்தது. சாரல் தொடங்கி ஊற்று ஏறியதும் இன்னும் நன்றாக வந்தது. "ஒரு மாதிரி வாடை அடிக்குதே அண்ணாச்சி?" என்று கேட்டான். "புது போருல்லா, ஓட ஓடச் சரியாயிரும்" என்றேன். கிறிஸ்டிக்குத் தாய்ப்பால் இல்லை. பவுடர் பாலை அந்தத் தண்ணீரில்தான் கொதிக்கவைத்துக் கரைத்தாள். பிள்ளைக்கு வலிப்பு வந்தது. தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் இல்லாதபோது வீட்டை நான்தான் பார்த்துக்கொண்டேன். அவசரத்தில் அவர்கள் ஓடவிட்டுப் போன மோட்டாரை, தொட்டி நிரம்பி வழிந்தால் நிறுத்துவேன். தண்ணீரை வீணாக்கக் கூடாதல்லவா.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கிணற்றைத் தூர்வாரவேண்டும். வாரியதை எங்கே போடுவது? ஊருக்கு வெளியே கொட்டிக் கொளுத்துவார்கள். அந்தப் புகை எத்தனை பேர் நெஞ்சுக்குள் போகும்? யோசித்துத்தான் பேசாமல் இருந்தேன்.

பிள்ளையை அடக்கம் பண்ணிய மறுநாள் கிறிஸ்டி மதிலோரம் வந்தாள். கையில் ஒரு பை. பால் புட்டி, டயப்பர் கட்டு, ஒரு கிலுகிலுப்பை.

"வண்டியில போட மனசு வரல அண்ணாச்சி. குப்பையோட குப்பையா அமுக்கிருவாவ."

"கொண்டா தாயி, நான் பாத்துக்கிடுதேன்."

கையெடுத்துக் கும்பிட்டாள். பை மிதக்காமல் இருக்க ஒரு கல்லைக் கட்டி உள்ளே விட்டேன்.

ஆமாம் ஐயா, பிள்ளையைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் அவர்கள் வீட்டுக் குப்பையையும் நானே ஏற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்தத் தெருவில் வேறு யார் செய்வார்கள்?