நிதானம் ஐயாவின் பதிவில் கை வைத்தது யார்?

மேடையில் வீற்றிருக்கும் அரங்க மேலாளர் அவர்களே, வாத்தியக் குழுத் தோழர்களே, முன்வரிசையில் கலங்கிய கண்களோடு அமர்ந்திருக்கும், மறைந்தவரின் மனைவியான நம் அண்ணி அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் இசை நடத்துநர் மறைந்தார். ‘நிதானம்’ என்று நாம் பட்டப்பெயர் சூட்டிய மாமனிதர் மறைந்தார்! கேலியாகத்தான் வைத்தோம் அந்தப் பெயரை. தாளம் காட்ட அவர் தூக்கிய கோல் இறங்குவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம் என்பார்கள் வயலின்காரர்கள்.

இந்த அரங்கில் அவர் கடைசியாக நடத்திய ஓபரா, அந்த மேலைநாட்டு இசைநாடகம், நினைவிருக்கிறதா? மக்கள் முன்னிலையில் நேரடியாகப் பதிவானது அது. நாயகி வேடம் எனக்கு. ஒத்திகையிலேயே வேகம் குறைந்துகொண்டே வந்தது. நாங்கள் ‘இடி’ என்று அழைக்கும் கனத்த குரல்காரர் என் காதில் சொன்னார்: “இந்த மனுஷன் வேணும்னுதான் இழுக்கறாரு. நம்ம குரல் உடையணும், ஜனங்க இவரையே பாக்கணும்.” எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

பதிவு நாளில் என்ன நடந்தது? நாயகி உயிர்விடும் காட்சி. பாட்டின் இறுதி அடிக்கு முன் எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. தூக்கிய கோலோடு என் முகத்தையே பார்த்து நின்றார் அவர். நான் மூச்சு நிறைய இழுத்த பிறகுதான் கோல் இறங்கியது. அப்படியொரு குரல் எனக்குள் இருந்ததென்று எனக்கே தெரியாது! குரலை உடைக்கவா இழுத்தார்? விரிய இடம் விட்டார்!

அதன் பின் இந்த அரங்கம் அவரை அழைத்ததா? “ஆள் நல்லவரு, ஆனா ரொம்ப மெதுவு” என்று கைகழுவியது யார்?

போன வாரம், அஞ்சலி என்று அதே பதிவை வானொலியில் போட்டார்கள். சமையலறையில் நின்று கேட்டேன். இறுதி அடி வந்தது. என் மூச்சைக் காணோம்! அதற்காக அவர் காத்து நின்ற அந்த அமைதியைக் காணோம்! அன்று ஒலிப்பதிவு செய்த தம்பிக்குப் போன் செய்தேன்.

“நான் கை வைக்கலக்கா. சுருக்கித் தரச் சொன்னாங்க, முடியாதுன்னேன். அப்புறம் பதிவ எங்கிட்டருந்து வாங்கிட்டாங்க.”

“யாருப்பா வாங்கினது?”

“இரங்கல் கூட்டத்துக்கு வருவாருக்கா. பெரிய மலர்வளையமா கொண்டு வருவாரு.”

இங்கே ஒரே ஒரு பெரிய மலர்வளையம்தான் இருக்கிறது. யார் வைத்தது என்று நான் சொல்லப்போவதில்லை. மேலாளர் அவர்களே, தண்ணீர் குடியுங்கள்.

வெட்டிய பதிவு இசைத்தட்டாக வரப்போகிறதாம். அதற்குப் பாடகர்கள் சம்மதம் வேண்டும். நேற்று இடியைப் பார்க்கப் போனேன். “முழுசா வந்தா வரட்டும். இல்லன்னா என் குரல் அதுல இருக்கக் கூடாது” என்றார். சொன்னது யார்? அன்று என் காதில் சந்தேகத்தை ஊதியவர்! இன்று இங்கே நுழைந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: “போன பிறகாவது அவரை யாரும் அவசரப்படுத்தாம பாத்துக்கம்மா.”

பார்த்துக்கொள்கிறோம், அண்ணி. வெட்டிய அமைதி திரும்ப ஒட்டப்படும்வரை எங்கள் கையெழுத்து கிடையாது. அதுவரை, கிடைக்கிற மேடையில் இதே ஓபராவை அவர் வகுத்த வேகத்திலேயே பாடுவோம். இன்று, இங்கே, இறுதிக் காட்சியிலிருந்து தொடங்குகிறோம். காத்திருக்க முடியாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

யாரும் எழவில்லையே? இடி அண்ணே, மேடைக்கு வாங்க.