செல்லாத கையெழுத்து

எனக்கு ஏசி ரூம்ல உக்காந்தாதான் சோறு எறங்கும் சார். ஆம்பூர்லயே பொறந்தவன்தான், ஆனா தோல் நாத்தம் இன்னிக்கு வரைக்கும் பழகல.

எங்க தோல் கம்பெனியில கம்ப்யூட்டர், மெயில் எல்லாம் என் பொறுப்பு. கழிவுத்தொட்டியில ஆள் எறங்கறதுக்கு முன்னாடி, விஷவாயு இருக்கான்னு சேஃப்டி ஆபீசர் இவாஞ்சலின் மேடம் பார்ப்பாங்க. எறங்கலாம், வேணாம், எதுவா இருந்தாலும் டிஜிட்டல் கையெழுத்து போட்டு மெயில் அனுப்பணும். போலி மெயில்ல ஒருவாட்டி ஏமாந்த முதலாளி, கையெழுத்து செல்லலைன்னா அந்த மெயிலை மதிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு.

சம்பத் தொட்டி கழுவறவன். மாதனூர்ப் பையன். என் தங்கச்சி சௌந்தர்யாவைக் கட்டிக்கறேன்னு வீட்டுக்கே வந்தான். மரியாதையாத்தான் பேசினான், என்னை மச்சான்னான். குளிச்சிட்டு, செண்ட்டு வேற போட்டிருந்தான். அதையும் மீறி அந்த அழுகல் வாடை. அவன் காபி குடிச்ச டம்ளரை அம்மா கழுவிக் கவுத்தாங்க. நான் எடுத்துப்போய் சாக்கடையில போட்டேன்.

அன்னிக்குக் காலையில, எறங்கலாம்னு மேடம் மெயில் போட்டாங்க. அப்புறம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, கம்பெனி மெயில் எல்லாத்துக்கும் அடியில பொங்கல் வாழ்த்து தானா சேர்ற மாதிரி வைன்னாரு. வச்சேன். கொஞ்ச நேரத்துல சூப்பர்வைசர் கலீமுல்லா பாய் போன் பண்ணாரு.

"தம்பி, வாயு ஏறிடுச்சு, எறங்க வேணாம்னு மேடம் பேர்ல இன்னொரு மெயில். ஆனா கையெழுத்து செல்லாதுன்னு செவப்பா காட்டுது. அவங்க ராணிப்பேட்டை கெளம்பிட்டாங்க, போன் போகல. இன்னா பண்றது? சம்பத் ரெடியா நிக்கிறான்."

"இருங்க பாய், பார்க்கறேன்"னேன்.

பார்த்தேன். கையெழுத்து போட்டப்புறம் மெயில்ல ஒரு எழுத்து கூடினாலும் செல்லாதுன்னுதான் காட்டும். இதுல கூடினது என் பொங்கல் வாழ்த்து. வாழ்த்து சேர்றதுக்கு முன்னாடி சர்வர்ல இருந்த காப்பியைத் தெறந்து சரிபார்த்தேன். மேடம் கையெழுத்தேதான். ஒரு கொறையும் இல்ல.

"போலி மெயில் பாய். காலையில வந்ததுதான் செல்லும், எறக்குங்க"ன்னு சொல்லிட்டு டிபன் பாக்ஸைத் தெறந்தேன்.

சம்பத்தைப் பொணமா மேல தூக்கிப் போட்டப்போ நான் போய்ப் பார்க்கல. அருவருப்பு, என்ன பண்றது. சௌந்தர்யா சாப்பிடாம கெடக்கறா, சரியாய்டுவா. பாயைப் புடிச்சு வச்சிருக்கீங்க, பாவம், நல்ல மனுஷன், அவரை விட்டுடுங்க.

சம்பத்தைக் கொல்லணும்னு நான் நெனச்சதே இல்ல சார். எங்க வீட்டுக்குள்ள அவன் வரக்கூடாது, அவ்ளோதான்.