ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவில் கண்ணீர் அஞ்சலி

காலையில் இரண்டு இட்லிக்கு மேல் நான் சாப்பிடுவதில்லை. மூன்றாவது தானாகத் தட்டில் விழுந்தாலும் ஒதுக்கிவிடுவேன். நான் பேராசைக்காரன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். நடந்ததை எழுதிக் கொடு என்றீர்கள், இன்ஸ்பெக்டர் சார். எழுதுவதற்கு சாமுவேலிடம் யாரும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றதும் 'உத்திரமேரூர் வெளிச்சம்' என்று ஒரு வலைப்பூ தொடங்கினேன். ஏரி மதகைப் பற்றி மட்டும் பதினேழு கட்டுரைகள். உலகத்தில் வேறெந்த மதகுக்கும் இந்தக் கௌரவம் கிடைத்ததில்லை. சந்தாதாரர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் சொந்தக்காரர்கள், திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பதினோராவது ஆள் புருஷோத்தமன். முப்பது வருஷம் நான் கம்பத்தின் மேலே, அவன் ஏணியைப் பிடித்தபடி கீழே. ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில், "சூப்பர்டா சாமுவேலு, ஆனா நீட்டிக்கினே போறே" என்று கருத்துப் போடுவான்.

எனக்கு ஆயிரம் பேர் வேண்டியிருந்தது. காசு கொடுத்து இணையத்தில் விளம்பரம் செய்தேன். ஏரியின் படம், 'சந்தாதாரர் ஆகுங்கள்' என்று ஒரு வரி. நான்கு நாளில் இரண்டு பேர் தொட்டார்கள். ஒருவர், கை தவறிப் பட்டுவிட்டது என்று கடிதமே அனுப்பினார்.

பிறகு பஸ் நிலையச் சுவரை நின்று கவனித்தேன். டியூஷன், மூல வைத்தியம், மாநாடு, எதையும் யாரும் பார்ப்பதில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்றால் மட்டும் வந்தவாசி பஸ்ஸே நின்று, யார் எவர் என்று படித்துவிட்டுத்தான் நகர்கிறது.

மாலை போட்ட படம் தேவைப்பட்டது. புருஷோத்தமனின் அறுபதாம் கல்யாணப் படம் போனில் இருந்தது. பக்கத்திலிருந்த அவன் மனைவியை வெட்டினேன். படத்திலிருந்துதான். அவன் இறந்துவிட்டான் என்று நான் எங்கும் எழுதவில்லை, சார். பொய் எனக்கு ஆகாது. 'கண்ணீர் அஞ்சலி. முழு விவரத்துக்குச் சந்தாதாரர் ஆகவும்.' அவ்வளவுதான். சேர்ந்தவர்களுக்குப் பதினெட்டாவது மதகுக் கட்டுரை போனது. விளம்பரம் போய்ச் சேரும் சுற்றளவு ஐம்பது கிலோமீட்டர்.

மதியத்துக்குள் ஆயிரத்து நூறு பேர். ஏரி உடைந்தால்கூட அவ்வளவு கூட்டம் சேராது. வாலாஜாபாத்திலிருந்து அவன் மகள் மலர்க்கொடி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். உள்ளே அப்பா பனியனோடு முருங்கைக்காய் நறுக்குவதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே மயங்கி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டதாம். இடது கைதான்.

தெளிந்ததும், சேதி கேட்டு ஓடிய என்னைப் பிடித்துக்கொண்டாள். "நைனா உயிரோட கீறாரு. நீ இன்னா மாமா பண்ணி வெச்சிக்கீற?"

"சாவு சேதி பொய்யா வந்தா ஆயுசு கெட்டிம்மா. உங்க நைனாவுக்குப் பத்து வருஷம் சேத்துக் குடுத்துக்கீறேன்" என்றேன்.

புருஷோத்தமன் கத்தியைக் கீழே வைத்தான். போனை எடுத்து எதையோ தட்டினான். "ஏணிய வுட்டுட்டேன்டா" என்றான்.

சாயங்காலம் பார்த்தால் சந்தாதாரர்களில் ஒன்று குறைந்திருந்தது. ஆயிரத்து நூறில் ஒன்று, சார். அது ஒரு பொருட்டே இல்லை. கருத்துப் பெட்டிதான் காலியாகக் கிடக்கிறது. 'நீட்டிக்கினே போறே' என்று சொல்ல ஆள் இல்லாததால், மதகுக் கட்டுரைகள் கொஞ்சம் நீண்டுவிட்டன.

நேற்றைய விளம்பரமும் நான் கொடுத்ததுதான். இந்த முறை படம் என்னுடையது. மாலையை நானே வாங்கி நானே போட்டுக்கொண்டேன். சுற்றளவு ஒரு கிலோமீட்டர், ஆண்கள் மட்டும், வயது அறுபதுக்கு மேல். அவனை வரவழைக்கத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். விலகிய சந்தாதாரரைத் திரும்பச் சேர்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். காலையிலிருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மாலையோடு ஒருத்தரும் வரவில்லை. நீங்கள்தான் வந்தீர்கள், புருஷோத்தமனின் புகாரோடு.

இரண்டு விளம்பரத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறான் என்றீர்கள். அப்படியென்றால் என்னுடையதையும் பார்த்திருக்கிறான். மூன்று பக்கம் என்றும் சொன்னீர்கள்.

குற்றம் என்னுடையதுதான், கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தப் புகாருக்கு அடியில் நான் ஒரே ஒரு கருத்து எழுதிக்கொள்ளலாமா, சார்?