ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் சேலத்துக்குத்தான்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மலை ஊரில், ஒண்டிக்கடை என்கிற முக்கில், சேகரின் டீக்கடையில் இருந்தவர்கள்: கடைக்காரர் சேகர், கல்லூரியின் பாஸ்கெட்பால் கோச் மாரிசாமி, அந்த அணியில் ஆடுகிற ஜோஸ்லின், என் தங்கை தீபிகா, நான். வெளி பெஞ்சில் இரண்டு டாக்ஸி டிரைவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அன்றைக்கு சேகர் டீயில் சுக்குத் தட்டிப் போட்டிருந்தார். நன்றாகவே இருந்தது.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். அதை ஆட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் லாட்ஜில் இரவு டியூட்டி பார்க்கிறேன். அதற்கு முன் அதே கல்லூரியில் படித்தேன், ஆடினேன். ஓர் இறுதி ஆட்டத்தில் தோற்றோம். இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை. போகப் பிடிக்கவில்லை, போகவில்லை.

ஆனால் எனக்கு ஆட்டம் பார்க்கத் தெரியும். எங்கள் கல்லூரி எங்கே ஆடினாலும், முந்தின சாயங்காலம் டியூட்டிக்குப் போகிற வழியில் சேகர் கடையில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தை முன்கூட்டியே சொல்வேன். எந்த அணி எங்கே உடையும், யார் ஜெயிப்பார்கள் என்று. சேகர் அதைப் போனில் பதிவு செய்து ஊர் வாட்ஸாப் குழுவில் போடுவார். "ஜீவா ஆட்டம் சொல்லிட்டானா?" என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்கூடக் கேட்பார். நான் சொன்னது தவறியதில்லை. பகலெல்லாம் தூங்குகிறவனுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே இடம் அது.

இது பெண்கள் இறுதி ஆட்டம். ஞாயிறு காலை, சேலத்தில், சேலம் அணியோடு. இரண்டும் சரிசமமான அணிகள். லீகில் அவர்கள் ஊரில் அவர்கள் ஜெயித்தார்கள், எங்கள் ஊரில் நாங்கள். அவர்களிடம் உயரம் இருக்கிறது. சௌமியா என்ற பெண் கூடைக்கடியில் நின்றால், பட்டுத் திரும்புகிற பந்தெல்லாம் அவளுக்குத்தான். எங்களிடம் வேகம். வேகம் என்றால் தீபிகா. அவள் பந்தைக் கொண்டுவந்தால்தான் மற்ற நான்கு பேரும் ஆடுவார்கள். வேகம் மூன்றாவது குவார்ட்டரில் தீர்ந்துபோகும், உயரம் தீராது. "சேலம். எட்டுப் பாயிண்ட்" என்றேன்.

"அண்ணா, எங்க மூஞ்சிக்கு நேராவே சொல்றீங்களே. வாயில நல்ல வார்த்தையே வராதுங்களா?" என்றாள் ஜோஸ்லின்.

"நல்ல வார்த்தை வேணும்னா சர்ச்சுல போய்க் கேளு."

சேகர் சிரித்தார். தீபிகா சிரிக்கவில்லை.

"ஏண்ணா, சௌமியா ஆடி நீ எப்பப் பாத்தே?"

"வீடியோவுல."

"அது போன வருச வீடியோ. இப்ப அவளுக்கு முட்டி வலி. எடப்பக்கம் திரும்பறதே இல்ல." காலி டீ கிளாஸ்களை நகர்த்தி வைத்துக் காட்டினாள். "எடப்பக்கமாவே போய்ட்டிருந்தா ரெண்டாவது குவார்ட்டர்லயே அவ நொம்பத் தடுமாறிருவா. பன்னெண்டு பாயிண்ட்ல நாங்க ஜெயிப்போம். நீ நாளைக்கு ஆட்டத்தச் சொல்லலண்ணா. நீ ஆடுனதையே திருப்பித் திருப்பிச் சொல்றே. அன்னைக்கு நீங்க தோத்தீங்கன்னு நாங்களும் தோக்கோணுமா?"

"புள்ள சொல்றது நெசம் ஜீவா" என்றார் மாரிசாமி. "சென்னையில இருந்து பெரிய டீம் ஆளுங்க பாக்க வர்றாங்க. நாளைக்கு ஆடிட்டாள்னா வேலையோடவே எடுத்துக்குவாங்க இவள."

சேகர் போனை அவள் பக்கம் திருப்பினார். "ஏங்கண்ணு, அத இன்னொருக்கா மெதுவாச் சொல்லு." என் பதிவை அழித்துவிட்டு அவளுடையதைக் குழுவில் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. நன்றாக இருந்ததைப் போட்டார்.

அவளுக்குப் பந்து தட்டச் சொல்லிக்கொடுத்தது நான். செம்மநத்தத்தில் எங்கள் வாசலில், இடக்கை பழகட்டும் என்று வலக்கையைத் துண்டால் முதுகோடு கட்டிவிடுவேன். அழாமல் தட்டுவாள். அப்பாவும் அம்மாவும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நானும் அவளும் ஒண்டிக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம்.

கடையிலிருந்து திரும்பும்போது அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். துவைத்த ஜெர்ஸி இரண்டு நாளாகக் காயவில்லை. இந்தப் பனிமூட்டத்தில் எதுவும் காயாது. "லாட்ஜுல இருந்து கரிச்சட்டி ஒண்ணு கொண்டாந்து தாண்ணா. ஈரத்தோட போட்டா ஒடம்புல ஒட்டும்" என்றாள். குளிருக்காக லாட்ஜ் அறைகளில் கரி நெருப்புச் சட்டி வைப்போம். அது என் வேலைதான். போய் ஒன்று எடுத்துவந்தேன்.

டீம் பஸ் காலை ஏழு மணிக்கு. அவள் அதில் ஏறக்கூடாது என்று முடிவு செய்தேன். அவ்வளவுதான். அவளுக்குக் கணுக்கால் இன்னும் சரியாகவில்லை, ஆடினால் கெடும் என்று முதலில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அடித்துவிடுங்கள். கணுக்கால் நன்றாக இருந்தது.

லாட்ஜில் அன்றைக்கு ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்கள் அறையிலும் கரிச்சட்டி வைத்தேன். எல்லாரிடமும் சொல்வதை அவர்களிடமும் சொன்னேன். "ஏனுங்க, சன்னல ஒரு சாண் தொறந்தே வெச்சுக்கங்க. மூடிட்டீங்கன்னா கரிக்காத்து தூக்கத்துலயே ஆள அமுக்கிரும். வாசனகூடத் தெரியாதுங்க." அந்தம்மா பயந்துபோய் இரண்டு சன்னலையும் திறந்தார். அப்போது எங்கள் அறைச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. நடந்தால் ஐந்து நிமிடம். டியூட்டி நேரத்தில் வெளியே போகக்கூடாது என்பது லாட்ஜ் விதி. பால் வாங்க ஒரு தடவை ஒண்டிக்கடை வரை போய்வந்தேன். அது டியூட்டி.

காலையில் ஜோஸ்லின் கூப்பிட்டாள். "அண்ணா, ஊடு வெளிய பூட்டிருக்குது. தட்டித் தட்டிப் பாத்துட்டேன். தீபி போனும் எடுக்கல." தீபிகாவின் போன் என் மேசை மேல்தான் இருந்தது. அறையில் கரண்ட் இல்லை, லாட்ஜில் சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்திருந்தேன்.

"அவ வரமாட்டா. பஸ்ஸை எடுக்கச் சொல்லு" என்றேன்.

மாரிசாமி பஸ்ஸை எடுக்க விடவில்லை. பூட்டை உடைத்தது அவர்தான். அவர் என்னிடம் அதற்குப் பிறகு ஒன்றுதான் சொன்னார். ஜெர்ஸி நன்றாகக் காய்ந்திருந்ததாம். அதைத்தான் அவளுக்குப் போர்த்தினாராம்.

ஆட்டத்தை அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சௌமியாவுக்கு ஒரு வாரம் ஓய்வு கிடைக்கிறது. எங்கள் பக்கம் பந்தைக் கொண்டுவர ஆள் இல்லை. ஜோஸ்லின் முயற்சி செய்வாள். அவளுக்கு இடக்கை வராது. எட்டுப் பாயிண்ட் என்று சொன்னேன், இப்போது இருபது. முடிந்தால் சேகரிடம் சொல்லிக் குழுவில் போடச் சொல்லுங்கள்.

கதவைப் பூட்டியதைப் பற்றியும் கேட்டீர்கள்.

கரிச்சட்டியை அறை நடுவில் வைத்தேன். மேலே கயிற்றில் ஜெர்ஸி தொங்கியது, ஏழாம் நம்பர். அவள் கால்களை நெருப்புப் பக்கம் நீட்டி, மடியில் பந்தோடு உட்கார்ந்தாள். சன்னலை அவளே ஒரு சாண் திறந்து வைத்திருந்தாள். நான் சொல்லித்தான் அவளுக்கு அது தெரியும். "பனி உள்ள வந்தா ஜெர்ஸி காயாது. ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி மூடினேன். என் முகத்தைப் பார்த்தாள். "நீ சொன்னாச் சரிண்ணா" என்றாள்.

வெளியே வந்து சன்னல் கதவுக்கு விறகுக்கட்டையால் முட்டுக் கொடுத்தேன். காலையில் அவள் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக. வேறு காரணம் இல்லை. பிறகு கதவைச் சாத்தினேன். சங்கிலி சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"ஏண்ணா வெளிய பூட்டறே?"

"காலைல நானே வந்து எழுப்பறேன். நிம்மதியாத் தூங்கு."

"மறந்துராதண்ணா. பஸ்ஸு ஏழு மணிக்கு."

"மறக்க மாட்டேன் கண்ணு."

உள்ளே பந்தை இரண்டு தட்டுத் தட்டினாள், இடக்கையால். கையை வைத்து எனக்குச் சத்தம் தெரியும். நான் சாவியைத் திருப்பி, பூட்டு விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். நன்றாக விழுந்திருந்தது.